ரோட்டாக்ஸ் 912: எரிபொருள் கணக்கும் இன்ஜின் அலாரமும் எந்த எண்ணில் வைப்பது?

கயத்தாறு912

எல்லாருக்கும் வணக்கம். மேல் இறக்கை, ரெண்டு சீட் விமானம். இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ், கார்புரேட்டர் மாடல். இறக்கைக்கு ஒரு டாங்க், ஒவ்வொண்ணும் 50 லிட்டர். உள்ளே மிதவை சென்சார்: காலியா இருந்தா 240 ஓம், நிறைஞ்சா 33 ஓம். ரிட்டர்ன் லைன் இடது டாங்குக்குப் போகுது. திரை டைனான் ஸ்கைவியூ. ஃப்ளோ சென்சார் எஃப்டி-60, எல்லாரும் சிவப்புப் பெட்டின்னு சொல்றது.

ஃப்ளோ சென்சாரை எங்கே வைக்கணும், டாங்குக்கு எப்படி அளவு போடணும், நம்ம பக்கத்து வெயிலுக்கு அலாரத்தை எந்த எண்ணில் வைக்கணும்? இந்த மூணும்தான் கேள்வி. கம்பெனியில இருந்து வந்த எண்களை அப்படியே விட்டா என்ன தப்பு வரும்னும் தெரியணும்.

வல்லநாடு

தம்பி, சென்சாருக்கு முன்னாடி ரிட்டர்ன் லைனைப் பாரு. 912-ல பம்ப் தள்ளுறது எல்லாம் கார்புரேட்டருக்குப் போறதில்ல. கொஞ்சம் திரும்ப டாங்குக்கே போகுது. சூட்டுல குழாய்க்குள்ள ஆவி கட்டாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த வழியில 0.35 மிமீ துளை போட்ட சின்ன ஜெட் இருக்கும். 0.3 பார் அழுத்தத்துல அந்தத் துளைக்குக் கணக்குப் போட்டா மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் வரும்.

டீக்கு (ரிட்டர்ன் லைன் பிரியுற மூணு வாய் இணைப்புக்கு) முன்னாடி சென்சாரை வச்சா இந்த 2 லிட்டரும் இன்ஜின் குடிச்ச கணக்குல ஏறிரும். 75 சதவீத சக்தியில 912 யுஎல்எஸ் குடிக்கிறது மணிக்கு 18.5 லிட்டர். திரை 20.5 காட்டும். "அதனால என்ன, கே-ஃபாக்டரை (ஒரு கேலன் ஓடினா சென்சார் எத்தனை துடிப்பு கொடுக்கும்ங்கிற எண்ணை) மாத்திச் சரி பண்ணிருவோம்"னு பல பேர் நினைக்காங்க. அது நடக்காது. கே-ஃபாக்டர் விகிதத்தைத்தான் சரி பண்ணும். இந்தப் பிழை விகிதம் இல்ல, எப்பவும் கூடவே வர்ற ஒரு நிலையான அளவு. குரூஸுக்கு (ஒரே உயரத்துல சீரா பறக்கிறதுக்கு) சரி பண்ணினா ஐடிலில் தப்பும், ஏற்றத்துக்குச் சரி பண்ணினா குரூஸில் தப்பும். அதனால சென்சார் டீக்கு அப்புறம், கார்புரேட்டர்களுக்குப் பிரியுற இடத்துக்கு முன்னாடி வரணும்.

இன்னொண்ணும் பாத்துக்கோ. வலது டாங்குல இருந்து எடுத்துட்டு இருக்கும்போது ரிட்டர்ன் இடதுக்குப் போனா, மணிக்கு 2 லிட்டர் வலதுல இருந்து இடதுக்கு இடம் மாறும். மொத்தக் கணக்கு தப்பாது, ஆனா டாங்க் வாரியான கணக்கு தப்பும். இடது முழுசா நிறைஞ்சிருந்தா வென்ட் (டாங்குக்குக் காத்து போற குழாய்) வழியா வெளியே வழியும், அதை எந்த மீட்டரும் காட்டாது. எப்பவும் இடது டாங்குல இருந்து ஆரம்பி.

தேரிமணல்

அண்ணாச்சி சொன்ன இடம் சரி. பொருத்துற முறையைப் பத்தி நான் சேர்க்கிறேன்.

சிவப்புப் பெட்டியின் ஒயர்கள் வானத்தைப் பார்க்கணும். சாய்ச்சு வச்சா உள்ளே காற்றுக் குமிழி தங்கி, சக்கரம் விட்டுவிட்டுச் சுத்தும். வெளியேறும் வாய், கார்புரேட்டர் வாய்க்குச் சமமாவோ கீழேயோ இருக்கட்டும். உள்ளே வர்ற பக்கமும் வெளியே போற பக்கமும் ஏறக்குறைய அரை அடிக்கு நேர்க்குழாய் விடுங்க. 90 டிகிரி எல்போவை வாயிலேயே முறுக்கினா எரிபொருள் சுழன்றுக்கிட்டே உள்ளே போகும், காட்டுற எண் ஏறி இறங்கும்.

மரை எல்லாம் கால் அங்குல என்பிடி (கூம்பு வடிவக் குழாய் மரை). டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். ஒரு நூல் பிய்ஞ்சு உள்ளே போனா சக்கரத்துல சுத்திக்கும். எரிபொருளுக்குன்னு இருக்கிற மரைப்பசை போடுங்க, முதல் ரெண்டு மரையை விட்டுட்டு. குழாயை ஊதிச் சுத்தம் பண்ணணும்னா சென்சாரைக் கழட்டி வச்சுட்டு ஊதுங்க. கம்ப்ரசர் காற்று அந்தச் சின்னச் சக்கரத்து மேல பட்டா பேரிங் அங்கேயே போயிரும்.

வடிகட்டி சென்சாருக்கு முன்னாடி. தேரிக்காட்டுச் செம்மண்ணும் கரிசல் தூசியும் மூடியைத் திறந்த நிமிஷமே டாங்குக்குள்ள இறங்கும், நம்ம பக்கம் இதைக் கட்டாயம் கவனிக்கணும்.

பொருத்தி முடிச்சதும் எரிபொருள் ஓட்டச் சோதனை பண்ணாம இன்ஜினைத் தொடாதீங்க. பம்ப் வச்ச அமைப்புக்கு டேக்ஆஃப் தேவையில 125 சதவீதம் வரணும். டேக்ஆஃபுக்கு மணிக்கு 27 லிட்டர், ஆகவே கிட்டத்தட்ட 34 லிட்டர். ஏறும்போது மூக்கு எந்தக் கோணத்துல நிக்குமோ அந்தக் கோணத்துக்கு விமானத்தைத் தூக்கி வச்சு, டாங்குல குறைஞ்ச அளவு எரிபொருளோட, கார்புரேட்டர் ஹோஸைக் கழட்டி அளவுப் பாத்திரத்துல பிடிங்க. பத்து நிமிஷத்துல 5.6 லிட்டருக்குக் குறையக் கூடாது. குறைஞ்சா வடிகட்டி, மடங்கின ஹோஸ், வென்ட், இந்த வரிசையில பாருங்க.

வென்ட் குழாயை எப்பவும் சந்தேகப்படணும். ரெண்டு நாள் நிறுத்தி வச்சா போதும், குளவி மண்ணுருண்டை கொண்டுவந்து அடைச்சிரும். சுண்டுவிரல் நகம் அளவு மண்தான். அது டாங்குல வெற்றிடத்தை உண்டாக்கி, அரை மணி நேரத்துல ஃபியூயல் பிரஷரைக் கீழே இழுத்திரும். மெல்லிய கம்பி வலை மாட்டுங்க.

கயத்தாறு912

நன்றி அண்ணாச்சி. டாங்க் அளவு போடுறது பத்தி? மிதவை மேல எனக்கு நம்பிக்கை வரலை. டோட்டலைசரை மட்டும் நம்பலாமா?

பணகுடிக்காற்று

டோட்டலைசரை மட்டும் நம்பவே கூடாது. நீங்க "96 லிட்டர் இருக்கு"ன்னு சொன்னா அது நம்பும். தன் வழியா போனதை அதுல இருந்து கழிக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். சென்சாருக்கு முன்னாடி ஒழுகினா தெரியாது. மேல் இறக்கையில மூடி சரியா உட்காரலைன்னா, இறக்கைக்கு மேல இருக்கிற குறைஞ்ச காற்றழுத்தம் எரிபொருளை உறிஞ்சி வெளியே கொட்டும். அதுவும் தெரியாது. திரையில 60 லிட்டர் காட்டும்போதே டாங்க் காலியா இருக்கலாம்.

மிதவை தனி சாட்சி, டோட்டலைசர் தனி சாட்சி, கிளம்பும் முன்னாடி குச்சி விட்டுப் பாக்குறது மூணாவது சாட்சி. மூணும் ஒத்துப்போகணும். மிதவைக்கும் டோட்டலைசருக்கும் 8 லிட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா, குறைவாக் காட்டுறதைத்தான் உண்மைன்னு எடுத்து இறங்கணும்.

வல்லநாடு

ரொம்பச் சரி. மிதவையை வெறுக்க வேண்டாம் தம்பி, அதுக்கு அளவு போடாம விட்டதுதான் பிரச்சினை. செய்முறை சொல்றேன்.

விமானத்தை வெட்டவெளியில நிறுத்து, கூரைக்குள்ள வேண்டாம். எர்த் கிளிப் மாட்டு, தீயணைப்பான் பக்கத்துல இருக்கட்டும். பிளாஸ்டிக் கேனைத் தூக்கிப் பிடிச்சு ஊத்தாதே. நம்ம காய்ச்சல் வெயில்ல நிலைமின்சாரம் சுலபமா ஏறும். உலோகக் கேன், அதையும் விமானத்தோட ஒயர் போட்டு இணைச்சுக்கோ.

அப்புறம் பறக்கும் நிலைக்கு லெவல் பண்ணு. மட்டக்கோல் வச்சு நெடுக்கும் பாரு, குறுக்கும் பாரு. வால் சக்கர விமானம்னா வாலை ஸ்டாண்டில் தூக்கணும். இல்லைன்னா மொத்த அளவும் வீண்.

டாங்கை முழுசா வடி. பயன்படாத எரிபொருள் எவ்வளவுன்னு கையேடு சொல்லுதோ அதை ஊத்தி, அதைப் பூஜ்யம்னு பதிவு பண்ணு. அதுல இருந்து 5 லிட்டர், 5 லிட்டரா ஏத்து. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் காத்திரு, இறக்கை நுனியை லேசா ஆட்டு, மிதவை உட்காரட்டும், அப்புறம் பதிவு. மரக்குச்சியிலும் இதே மாதிரி கோடு போடணும். ஆனா குச்சியில படிக்கிறது தரையில நிக்கிற நிலையில, அதனால குச்சிக்கு மட்டும் தரை நிலையில இன்னொரு சுற்று ஊத்த வேண்டியிருக்கும். பொறுமையா செய். ரெண்டு டாங்குக்கும் தனித்தனியா. ஒண்ணோட எண்ணை மத்ததுக்குக் காப்பி பண்ணாதே, மிதவைக் கம்பி வளைவு ஒண்ணுபோல இருக்காது.

கடைசி 8, 10 லிட்டர் ஊத்தும்போது எண் அசையாது. பயப்படாதே. இறக்கை நுனி உயர்ந்து இருக்கிறதால, மிதவை கூரையைத் தொட்டப்புறமும் நுனிப் பக்கம் இடம் இருக்கும். அந்தப் பகுதிக்கு "40க்கு மேல்"ன்னு மட்டும்தான் திரை சொல்ல முடியும். அதுக்குத்தான் குச்சி.

பாளைஒயரிங்

நான் மின்சாரப் பக்கம் மட்டும் எழுதுறேன். பாதி "சென்சார் கெட்டுப்போச்சு" கேசுகள் எர்த் கேசுகள்தான்.

மிதவை, பழைய வகை ஆயில் பிரஷர் சென்சார், டெம்பரேச்சர் சென்சார் எல்லாம் தங்கள் உடம்பு வழியாவே எர்த் எடுக்கும். இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல எர்த் பட்டை தளர்ந்தா, அங்கே சில மில்லிவோல்ட் தொங்கும். அறிகுறி ரொம்பத் தெளிவானது: லேண்டிங் லைட்டைப் போட்டதும் ஆயில் சூடு 6, 7 டிகிரி குதிக்கும், அணைச்சதும் இறங்கும். உண்மையான சூடு அப்படி ஒரு நொடியில மாறாது. ரேடியோவில பேசும்போது மட்டும் எண் ஆடினா ஒயர் ஆன்டெனா கேபிளோட சேர்ந்து ஓடுது.

மல்டிமீட்டரை வோல்ட்டில் வச்சு ஒரு முனை பேட்டரி நெகட்டிவ், இன்னொரு முனை இன்ஜின் பிளாக். எல்லா லோடும் ஓடும்போது 0.05 வோல்ட்டுக்கு மேல இருந்தா பட்டையைக் கழட்டித் தேய்ச்சு மாட்டுங்க. தூத்துக்குடி உப்பளக் காற்று நம்ம ஊர் வரைக்கும் வரும், ரிங் டெர்மினலுக்கு அடியில பச்சை பூத்திருக்கும். வெளியே பார்த்தா பளபளன்னு இருக்கும், கழட்டினாத்தான் தெரியும்.

ரோட்டாக்ஸின் புது ஆயில் பிரஷர் சென்சார் 4–20 மில்லிஆம்ப் வகை. பழைய ஓம் வகை அமைப்பைத் திரையில விட்டுட்டா அபத்தமான எண் வரும். 220 ஓம் ரெசிஸ்டர் போட்டா 4 மில்லிஆம்புக்கு 0.88 வோல்ட், 20-க்கு 4.4 வோல்ட். உங்க திரையின் கையேட்டுல எந்த ரெசிஸ்டர்னு பார்த்து அதையே போடுங்க. இந்த வகையில ஒரு பெரிய நன்மை: ஒயர் அறுந்தா 0 மில்லிஆம்ப், பிரஷர் இல்லைன்னா 4 மில்லிஆம்ப். "ஒயர் போச்சு", "ஆயில் போச்சு" ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியும்.

எக்ஸாஸ்ட் சூட்டுக்கு வர்றது கே வகை தெர்மோகப்பிள் (ரெண்டு வேற உலோக ஒயரைச் சேர்த்துச் சூட்டை அளக்கிறது), மஞ்சள் ஒயர் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்புன்னா பாசிட்டிவ்னு கை தானா மாத்தி மாட்டிரும், கவனம். நீளம் பத்தலைன்னா சாதா செம்பு ஒயர் போட்டு நீட்டாதீங்க, அதே வகை ஒயரால மட்டும் நீட்டணும். செம்பு சேர்ற இடத்துச் சூடு கணக்குல கலந்துரும்.

ஹெட்செட்டுக்கு அலாரம் ஒலியை இன்டர்காமில் மியூட் ஆகாத உள்ளீட்டுல கொடுங்க. பாட்டு உள்ளீட்டுல கொடுத்தா ரேடியோ பேசும் நேரத்துல அது அமுங்கிரும், அந்த நேரத்துல வர்ற அலாரம் காதுக்கு எட்டாது. ஒலி அளவை இன்ஜின் நிறுத்தி வச்சு முடிவு பண்ணாதீங்க. முழு த்ராட்டிலில் கேட்டுப் பாருங்க.

கயத்தாறு912

அக்கா, அந்த 0.05 வோல்ட் சோதனை பெரிய உதவி. இப்போ அலாரம் எண்கள். ஆயில் பிரஷருக்கு கையேட்டுல 0.8 பார், 2 பார்னு ரெண்டு எண் இருக்கு. எதை வைக்கிறது?

பணகுடிக்காற்று

இந்த ரெண்டு எண்ணுலதான் எல்லாரும் தடுமாறுறாங்க. 3500 ஆர்பிஎம்-க்குக் கீழே குறைந்தபட்சம் 0.8 பார். அதுக்கு மேல 2 முதல் 5 பார். குளிர் ஸ்டார்ட்டில் மட்டும் 7 வரைக்கும் போகலாம்.

சிவப்பை 0.8-ல வச்சா, 5000 ஆர்பிஎம்-ல பறக்கும்போது பிரஷர் 1.2-க்கு விழுந்தாலும் சிவப்பு வராது. அது இன்ஜின் செத்துக்கிட்டு இருக்கிற நேரம். சிவப்பை 2-ல வச்சா, மே மாச மதியத்துல சூடான ஆயிலோட ஐடிலில் நிக்கும்போதெல்லாம் கத்தும்.

தேரிமணல்

கத்தட்டும் என்பதுதான் என் கட்சி. ஐடிலில் கத்தினா ஐடிலை கொஞ்சம் ஏத்திக்கலாம். பறக்கும்போது கத்தாம விட்டா இன்ஜின் போயிரும்.

பணகுடிக்காற்று

அண்ணாச்சி, அதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு லேண்டிங்குக்கு அப்புறமும் தரையில ஓட்டிட்டு வரும்போது கத்துற அலாரத்தை கை தானாவே அணைக்கப் பழகிரும். பத்தாவது நாள் 3000 அடியில கத்தினாலும் அதே கை அணைக்கும்.

நடுவழி இருக்கு. 2.0 பாரில் மஞ்சள், ஆனா ஒலியோட மஞ்சள். 0.8-ல சிவப்பு. அலாரம் முறையைத் "தானா அடங்கும்" வகையில வச்சா, பிரஷர் திரும்ப ஏறினதும் அடங்கிரும். சிவப்பை மட்டும் கைவச்சு ஒப்புக்கொண்டாத்தான் அடங்கும்படி வைங்க. அதுக்கு மேல, திரையோட சம்பந்தமே இல்லாம, தனி பிரஷர் ஸ்விட்ச் ஒண்ணும் பேனல்ல ஒரு சிவப்பு விளக்கும். திரை செத்தாலும் விளக்கு எரியும். செலவு குறைவு, பலன் பெரிசு.

தேரிமணல்

தனி ஸ்விட்ச்சோட சேர்த்துன்னா ஒத்துக்கிறேன்.

வல்லநாடு

மத்த எண்கள். ஆயில் சூடு: 50-க்குக் கீழே டேக்ஆஃப் கிடையாது, அதனால கீழ் மஞ்சள் 50. சாதாரணமா ஓட வேண்டியது 90 முதல் 110. யுஎல்எஸ்-க்கு உச்சம் 130. மேல் மஞ்சளை 115-ல வை, சிவப்பு 130. கத்திரி வெயில்ல ஏறும்போது 115 தொடும். தொட்டதும் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டினா இறங்கணும், இறங்கலைன்னா ரேடியேட்டர் முகப்பு அடைச்சிருக்கான்னு பாரு.

ஆர்பிஎம்: 5500 தொடர்ந்து ஓட்டலாம், 5800 ஐந்து நிமிஷம் மட்டும். மஞ்சள் 5500, சிவப்பு 5800.

ஃபியூயல் பிரஷர்: 0.15 முதல் 0.4 பார். புது பம்ப்னா 0.5 வரைக்கும் ஏறும், பழைய எண்ணை வச்சுட்டு "ஹை பிரஷர்" அலாரத்தோட மல்லுக்கட்டாதே. கீழ் சிவப்பு 0.15, மஞ்சள் 0.2. மூணு செகண்ட் தாமதம் கொடு. பம்ப் துடிப்புல முள் ஆடுறது இயல்பு.

சிலிண்டர் ஹெட் சூட்டுல ஒரு சிக்கல் இருக்கு. பழைய இன்ஜின்ல அந்த சென்சார் உலோகத்தின் சூட்டை அளக்கும், யுஎல்எஸ் உச்சம் 135. புது இன்ஜின்ல அதே இடத்துல கூலன்ட் சூட்டை அளக்கும், உச்சம் 120. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான். இன்ஜின் சீரியல் எண்ணை வச்சு கையேட்டுல எதுன்னு உறுதி பண்ணிட்டு எண்ணைப் போடு. கூலன்ட் அளக்கிற இன்ஜினுக்கு 135 வச்சா, அலாரம் வர்றதுக்குள்ள தண்ணி கொதிச்சு வெளியே போயிருக்கும். கூலன்ட் போனப்புறம் சென்சார் ஆவியில நிக்கும், எண் குறையக்கூடச் செய்யலாம்.

கம்பெனி எண்ணை அப்படியே விட்டா என்ன தப்புன்னு கேட்டியே. பல திரைகள்ல முதல்ல வர்ற எண் காற்றால் குளிர்ற லைகமிங் மாதிரி இன்ஜினுக்கானது. அங்கே சிலிண்டர் ஹெட் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல ஓடுறது சகஜம். அதை 912-ல விட்டா அலாரம் ஆயுசுக்கும் பேசாது.

பணகுடிக்காற்று

எரிபொருள் அலாரம்: டாங்குக்கு 12 லிட்டரில் மஞ்சள், 7-ல சிவப்பு. மொத்தக் கணக்குக்கு 20 லிட்டரில் தனி அலாரம், குரூஸில் அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. மிதவைக்கு தாமதம் நிறைய கொடுங்க, குறைஞ்சது 20 செகண்ட். ஆடி மாசம் மலைக்குக் கிழக்கே காத்து உருண்டு விழும், டாங்குக்குள்ள எரிபொருள் அலையடிக்கும்.

அதே காத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. வாகைக்குளத்துல (தூத்துக்குடி விமான நிலையம்) இருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டுல ஏறக்குறைய 66 நாட்டிக்கல் மைல். காத்து இல்லாம 100 நாட்ஸில் 40 நிமிஷம், 12 லிட்டர் சில்லறை. மேற்கே இருந்து 30 நாட்ஸ் எதிர்காத்து வந்தா தரை வேகம் 70. 57 நிமிஷம், 17.5 லிட்டர். அகத்தியர் மலை 1868 மீட்டர், அந்த வழிக்குப் பக்கத்துலதான் நிக்குது, ஏறுறதுக்கு ஆகுற எரிபொருள் தனி. லிட்டர்/மணி எண் ரெண்டு நாளும் ஒண்ணுபோலத்தான் காட்டும். அதனால திரையில "இறங்கும் இடத்துல மீதி" என்ற கட்டத்தை ஜிபிஎஸ் வேகத்தோட இணைச்சு, எப்பவும் கண்ணில் படுற இடத்துல வைங்க.

தேரிமணல்

பங்க் பெட்ரோல் போடலாமான்னு அடுத்த கேள்வி வரும், முன்னாடியே சொல்லிடறேன். ரோட்டாக்ஸ் ஏத்துக்கிறது 10 சதவீத எத்தனால் வரைக்கும். இப்போ பங்க்ல வர்றது 20. சந்தேகம்னா 100 மில்லி அளவுக் குழாயில 10 மில்லி தண்ணி, மேல 90 மில்லி பெட்ரோல், குலுக்கி நிறுத்துங்க. கீழே தண்ணிக்கோடு 10-லயே நின்னா எத்தனால் இல்லை. 28-ஐ நெருங்கினா 20 சதவீதம். மின்தேக்கி வகை டாங்க் சென்சார் வச்சவங்களுக்கு இது இன்னும் முக்கியம்: அந்த சென்சார் அளக்கிறது எரிபொருளோட மின்கடவா எண்ணை (டைஎலெக்ட்ரிக்), எத்தனாலுக்கு அது பெட்ரோலைவிடப் பல மடங்கு, டாங்க் இருக்கிறதைவிட நிறைவாக் காட்டும். அவ்காஸ் 100எல்எல் (ஈயம் கலந்த விமான பெட்ரோல்) போடுறவங்க ஆயிலை 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, ஈயம் படியும்.

பாளைஒயரிங்

அலாரத்தை எல்லாம் செட் பண்ணிட்டு நிஜமாவே வருதான்னு பாக்கணும். கூலன்ட் சென்சாரைக் கழட்டி கொதிக்கிற தண்ணியில விடுங்க, நம்ம ஊர் உயரத்துக்கு 100 டிகிரிதான், 98 முதல் 101-க்குள்ள வரணும். மிதவைக்குப் பதிலா 500 ஓம் பொட்டென்ஷியோமீட்டரை மாட்டி மெதுவா 240-ஐ நோக்கித் திருப்புங்க, மஞ்சளும் சிவப்பும் சொன்ன லிட்டரில் வரணும். ஒவ்வொரு ஒயரையும் ஒரு தடவை உருவுங்க: எண் சிவப்புக் குறுக்குக்கோடா மாறணுமே தவிர, நம்பும்படியான ஏதோ ஒரு எண்ணைக் காட்டக் கூடாது.

விடி பதிவுள்ள (இந்தியாவுல பதிவான) விமானத்துல இதெல்லாம் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஏற்ற மாறுதல் ஆவணத்தோட, உரிமம் உள்ள ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) கையெழுத்தோட நடக்கணும். எடை, சமநிலைத் தாளும் மாறும்.

கயத்தாறு912

இப்போ போய்ப் பார்த்தேன் அண்ணாச்சி. டீ சென்சாருக்கு அப்புறம்தான் இருக்கு, அதாவது நீங்க தப்புன்னு சொன்ன இடம். மாத்தப் போறேன். ஏற்கெனவே மூணு தடவை நிரப்பி கே-ஃபாக்டர் சரி பண்ணி வச்சிருக்கேன். அதை வச்சுக்கலாமா?

வல்லநாடு

வேண்டாம் தம்பி, அழிச்சிரு. அந்த எண்ணுக்குள்ள ரிட்டர்ன் லைனோட 2 லிட்டர் கலந்திருக்கு. சென்சாரோட வந்த சீட்டுல இருக்கிற எண்ணுக்குத் திரும்பு, சீட்டு இல்லைன்னா 68,000-ல ஆரம்பி. இடம் மாத்தினப்புறம் தேரிமணல் சொன்ன பத்து நிமிஷ ஓட்டச் சோதனை மறுபடியும் முழுசா. அப்புறம் மூணு தடவை நிரப்பு, ஒரே இடம், ஒரே சரிவு, கழுத்துல ஒரே கோடு வரைக்கும். மூணையும் கூட்டு. திரை 124.8 காட்டி பம்ப் மீட்டர் 120 காட்டினா, 68,000 பெருக்கல் 124.8 வகுத்தல் 120, வர்றது 70,720. அதைப் போட்டு நாலாவது தடவை நிரப்பும்போது வித்தியாசம் அரை லிட்டருக்குள்ள வரணும். வரலைன்னா எண்ணைத் திரும்ப மாத்தாதே, சென்சார் பொருத்தின முறையையும் எங்கேயாவது ஒழுகுதான்னும் பாரு.